சிரத்தையைக் கற்பிக்கும் பள்ளி

பிளஸ் டூ முடிவு வந்து மூன்று வாரமே ஆகியிருந்த என் தங்கை மகள், மூன்று பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தாள்களைக் கையில் மடித்துக்கொண்டு சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, ஆபீஸ் வேலைக்குப் படிக்கலாம்னு இருக்கேன், இந்த மூணுல எதுல சேரட்டும்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். தாள்களைப் பார்த்து அப்போதே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆயினும் அந்த உத்தியோகம் எத்தகையது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்கான பள்ளியைத் தேர்வது முறையாகாது என்று தோன்றியதால், "நாளைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம், அம்மா" என்றேன்.

வந்த தபாலைத் தன்பதிவேட்டில் பதிந்து, குறிப்பு எழுதி, வரைவு வைத்து, ஒப்புதலானபின் சுத்தநகல் தட்டச்சு செய்து, கையொப்பம் பெற்று உரிய இடத்துக்கு அனுப்பும் உதவியாளரின் பெயர் அந்தக் கடிதத்தில் எங்குமே இராது. ஆனால் முதியோர் உதவித்தொகைக்கு மனுச் செய்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு கிழவியின் வங்கிக் கணக்கு எண்ணில் 6 என்பது 9 ஆகிவிட்டால், பணம் வராத மாதங்களையெல்லாம் அனுபவிப்பவள் அந்தக் கிழவிதான். எந்த மேசையில் எந்த விரல் தவறியது என்பதை அவள் ஒருநாளும் அறியமாட்டாள். ஆகவே இந்த உத்தியோகத்துக்கு ஆதாரமான குணம் வேகமன்று, சிரத்தை என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் பார்த்த இடம் குளிரூட்டிய அறையும் வரிசையாகக் கம்ப்யூட்டர்களும் கொண்டது. 'நூற்றுக்கு நூறு வேலை உறுதி' என்று சுவரில் எழுதியிருந்தது. சான்றிதழ் யார் பெயரில் வரும் என்று நான் இரண்டு முறை கேட்டும், கட்டணத்தை எத்தனை தவணையில் செலுத்தலாம் என்பதே பதிலாக வந்தது. என் இளமையில் இதேபோன்ற ஒரு ஸ்தாபனத்தில், அப்பா கடன் வாங்கித் தந்த பணத்தை முன்பணமாகக் கட்டிப் படித்து, அவர்கள் கொடுத்த அழகான சான்றிதழுடன் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வரிசையில் நின்றபோது, அது அரசுத் தேர்வின் சான்றிதழ் அல்லவென்று திருப்பிக் கொடுக்கப்பட்ட அந்தப் பகல் இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. அந்தத் துக்கம் இன்னொரு வீட்டுக்கு வரலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சான்றிதழ் விஷயத்தில் மயக்கத்துக்கு இடமே இல்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வில் லோயர் என்று நாம் வழங்கும் இளநிலை ஆங்கிலத் தட்டச்சுக்கு நிமிஷத்துக்கு 30 சொல்லும், ஹையர் என்னும் முதுநிலைக்கு 45 சொல்லும் அடிக்க வேண்டும். சுருக்கெழுத்திலோ இளநிலைக்கு 80, முதுநிலைக்கு 120. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வு வழியாகத் தட்டச்சராக விரும்புவோர் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேறியிருப்பதோடு, அவற்றில் ஒன்றிலாவது முதுநிலை பெற்றிருக்க வேண்டும். அவ்வியக்ககமே வழங்கும் அலுவலகக் கணினிச் சான்றிதழும் தட்டச்சருக்கு அவசியம். ஆகையால், எந்தப் பள்ளியிலும் முதல் கேள்வி, "உங்கள் மாணவர்கள் எழுதுவது எந்தத் தேர்வு?" என்பதாகவே இருக்கட்டும்.

தமிழை ஒதுக்கிவிட்டு ஆங்கிலம் மட்டும் கற்பிக்கும் இடத்தையும் நான் விரும்பவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மலேயாவுக்குச் சென்ற இரா. முத்தையா என்பவர், நம் 247 எழுத்துகளையும் ஒரு விசைப்பலகைக்குள் அடக்குவதற்குப் பட்ட பிரயாசையும், 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் சேர்ந்து, குடியானவன் தன் பாஷையில் மனுக் கொடுத்து அதே பாஷையில் பதில் பெறும் உரிமைக்கு வழி செய்தன. அந்தப் பதிலைப் பிழையின்றி அடிக்கத் தெரியாதவருடைய பயிற்சியை முழுமையானதென்று எவ்வாறு சொல்வது?

இரண்டாவதாகப் பார்த்தது அரசினர் தொழிற்பயிற்சி நிலையம். கோபா என்று எல்லோரும் சொல்லும் ஓராண்டுக் கணினிப் பிரிவு அங்கே உண்டு. பயிற்சிக் கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். பணவசதியற்ற பெற்றோர், கடன் வாங்குமுன் இதை விசாரிப்பது நலம். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டியிருந்ததால் தங்கை மகள் தயங்கினாள். அத்தயக்கத்தை நான் குறைகூறவில்லை, ஏனெனில் நாள்தோறும் போய்வர முடியாத பள்ளி எவ்வளவு சிறந்ததாயினும் பயன்தராது.

மூன்றாவது, மருந்துக் கடைக்கு மேலே மாடியில் பத்துப் பன்னிரண்டு மெஷின்களுடன் நடக்கும் பழைய இன்ஸ்டிடியூட். மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். புதிதாய்ச் சேர்ந்த ஒரு பையன் உதடசைத்து, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று அடித்துக்கொண்டிருந்தான். அவன் கண் விசைகளின் பக்கம் தாழ்ந்த ஒவ்வொரு தடவையும், ஆசிரியை ஒன்றும் பேசாமல் ஓர் அட்டையை அவன் விரல்களுக்கு மேல் குடைபோலப் பிடித்தார். முன்வரிசையில் ஒரு பெண் தமிழில் அலுவலகக் கடிதம் அடித்து நீட்டினாள். ஆசிரியை சிவப்புப் பென்சிலை எடுத்து, 'பொருள்' என்ற இடத்திலிருந்து 'பார்வை' வரைக்கும், அதன்பின் கடிதத்தின் உடல் முழுவதும், ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படித்து, பார்வையில் விடுபட்டிருந்த தேதியின் இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"தேதி இல்லேன்னா அந்தப் பழைய கடிதத்தை எப்படிம்மா தேடி எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் மறுபேச்சின்றிப் புதுத்தாள் செருகினாள்.

கீழே இறங்கும்போது என் தங்கை மகள் அந்த மூன்று விளம்பரத் தாள்களையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "இங்கேயே சேர்றேன் மாமா, இவங்க படிச்சுப் பார்க்கறாங்க" என்றாள். ஒரு பயிற்சிப் பள்ளியைப் பற்றி நான் சொல்ல நினைத்திருந்த எல்லாவற்றையும் அவள் அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள். பள்ளி தேடும் பெற்றோர்களும் கட்டணம் கட்டுமுன் அரைமணி நேரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, மாணவன் நீட்டும் தாளை ஆசிரியர் படிக்கிறாரா என்று கவனிக்க வேண்டுமென்பதே என் வேண்டுகோள். தன் தாள் படிக்கப்படும் இடத்தில் பழகிய பிள்ளைதான், நாளை யாரோ ஒரு கிழவியின் மனுவையும் கடைசி எண்வரை படித்துப் பார்க்கும்.