எலிக்குட்டிக்கு எத்தனை வேகம்?

லினக்ஸைக் குறை சொல்பவர்கள் டிரைவர், பிரிண்டர், ஆபீஸ் ஃபைல் என்று பெரிய விஷயங்களாகவே பேசுவார்கள். ஆனால் புது இயங்குதளத்தின் முன் உட்கார்ந்த ஒருவர் முதல் நிமிடத்தில் கவனிப்பது இதில் எதையும் இல்லை. மவுஸைத் தொட்டதும் திரையில் அம்புக்குறி எப்படி ஓடுகிறது என்பதைத்தான். கையை ஓரிடத்தில் நிறுத்தினால் அம்பு இரண்டு அங்குலம் தாண்டிப் போய் நிற்கிறதா? "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று மனசு அப்போதே முடிவு கட்டிவிடும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. "லினக்ஸ் ஒரு மாதிரியா இருக்குப்பா" என்பதோடு கதை முடிந்தது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 வேண்டும், புது பிராசஸர் வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டியைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் அதில் உபுண்டுவோ மின்ட்டோ போட்டுக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் மட்டுமல்ல, கடையில் பில் போடுபவர், ஓய்வு பெற்ற கணக்கர், அண்ணன் விட்டுப்போன கணினியை வைத்துப் படிக்கும் தங்கை என்று எல்லோரும் இதில் அடக்கம். டெர்மினல் என்றால் ரயில் நிலையமா என்று கேட்கக்கூடியவர்கள் :-) இவர்கள் கையில் இருக்கும் மவுஸ் பெரும்பாலும் தெருமுனைக் கடையில் வாங்கிய, பெயர் தெரியாத மவுஸ்தான்.

மவுஸ் என்னதான் செய்கிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். "இத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தேன்" என்று அது கணினியிடம் சொல்வதில்லை. "இத்தனை எண்ணிக்கை நகர்ந்தேன்" என்று மட்டுமே சொல்லும். ஒரு அங்குலத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்பதுதான் பெட்டியின் மேல் டி.பி.ஐ. என்று அச்சடித்திருப்பது. ஒரு எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 1000 டி.பி.ஐ. மவுஸ் 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்கக் கை கிட்டத்தட்ட 5 செ.மீ. நகர வேண்டும். அதே திரையில் 3200 டி.பி.ஐ. மவுஸ் என்றால் 1.5 செ.மீ. போதும். அதாவது மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் இடது ஓரத்தில் இருந்த அம்பு வலது ஓரத்தில் போய் முட்டும். மனிதர் அதேதான், கணினியும் அதேதான். மவுஸை மாற்றியதுதான் வித்தியாசம்.

இதற்கு மேல் முடுக்கம் என்று ஒன்று உண்டு. மெல்ல நகர்த்தினால் அம்பு நுணுக்கமாக நகரும், விசுக்கென்று இழுத்தால் கை போன தூரத்தைவிட அதிகமாகப் பாயும். நல்ல யோசனைதான். ஆனால் லினக்ஸின் பழைய எக்ஸ் சர்வரில் இதைச் செய்த விதம் வேடிக்கையானது. முடுக்கம் 2, வரம்பு 4 என்று ஒரு இயல்பு நிலை. வரம்புக்குள் 3 நகர்ந்தால் 3-தான். வரம்பைத் தாண்டி 5 நகர்ந்தாலோ மொத்தமும் இரட்டிப்பாகி 10. வருமான வரி கணக்குப் போட்டவர்களுக்கு இதன் அநியாயம் உடனே விளங்கும். வரியில் வரம்புக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் முழுச் சம்பளத்துக்கும் கூடுதல் விகிதம்! அம்பு திடீரென்று துள்ளியதற்கு இதுதான் காரணம்.

க்னோம் 2 காலத்தில் இந்த இரண்டு எண்களுக்கும் இரண்டு நகர்த்தும் பட்டைகளை வைத்தார்கள். ஒன்றுக்கு முடுக்கம் என்று பெயர். இன்னொன்று, அதாவது அந்த வரம்பு, "உணர்திறன்" என்ற பொருள்படும் பெயரில் வந்தது. பெயரைப் பார்த்து அதை இழுத்தவர்களுக்கு என்ன மாறுகிறது என்று பிடிபட்டிருக்காது. வேகத்தைக் குறைக்க வந்தவர், அம்பு எப்போது துள்ள வேண்டும் என்பதைத் திருகிக்கொண்டிருந்தார். ஹும்!

2009-ல் வந்த எக்ஸ் சர்வர் 1.6 இந்தத் துள்ளலைச் சரிசெய்து, வேகத்துக்கு ஏற்ப ஒழுங்காக மாறும் முடுக்கத்தைக் கொண்டுவந்தது. பிறகு ரெட் ஹேட்டின் பீட்டர் ஹட்டரர் முன்னின்று வளர்த்த லிப்இன்புட் வந்தது. அதன் 1.0 வெளியானது 2015-ல். அது எண்களின் காட்டைத் திருத்தி, -1 முதல் 1 வரை ஒரே ஒரு வேக அளவு, நடுவில் 0 இயல்பு என்று எளிமையாக்கியது. கூடவே இரண்டு வகை: வேகத்துக்கேற்ப மாறும் முடுக்கம், அல்லது முடுக்கமே இல்லாத சமவிகிதம். இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. எந்த மவுஸுக்கு எத்தனை டி.பி.ஐ. என்று ஒரு பட்டியலைக் கணினிக்குள்ளேயே வைத்தார்கள். லிப்இன்புட் அதைப் பார்த்து, முடுக்கத்தைக் கணக்கிடும்போது வேற்றுமையைச் சமன்செய்யும். யாரும் எதையும் திருக வேண்டியதில்லை.

கேட்க அருமையாக இருக்கிறதா? பட்டியலில் பெயர் இல்லாத மவுஸ் எல்லாம் 1000 டி.பி.ஐ. என்றே எடுத்துக்கொள்ளப்படும். நம்மூர்க் கடையில் கவரில் தொங்கும் மவுஸின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறுவதெல்லாம் நடக்கிற காரியமா? ஆக, நல்ல கம்பெனி மவுஸ் வைத்திருப்பவருக்குத் தானாகச் சரியாகிறது. இல்லாதவர் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். அதாவது யாருக்கு இந்தப் பட்டை மிகவும் தேவையோ, அவர்தான் அதைத் தேடத் தெரியாதவர்.

தேடினாலும் ஒரே இடத்தில் இருக்காது என்பது அடுத்த தலைவலி. எக்ஸ் இருந்தவரை எந்தப் பணிச்சூழலானாலும் அடியில் ஒரே சர்வர். எக்ஸ்செட், எக்ஸ்இன்புட் என்ற கட்டளைகள் எங்கும் வேலை செய்தன. இப்போது அந்த இடத்துக்கு வேலண்ட் வந்துவிட்டது. ஃபெடோரா 2016-லேயே அதை இயல்பாக்கியது. உபுண்டு 25.10-ல் எக்ஸ் வழியாக உள்ளே போகும் க்னோம் வாசலையே மூடிவிட்டார்கள். பழைய எக்ஸ்இன்புட் கட்டளையை இங்கே ஓட்டினால் உண்மையான மவுஸ் அதன் கண்ணிலேயே படாது. ஒரு பொம்மை மவுஸைத்தான் காட்டும். பத்து வருடத்துக்கு முந்தைய குறிப்பைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்பவர், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து நொந்துபோவார். பாவம்.

வேலண்டில் மவுஸ் வேகம் அந்தந்தப் பணிச்சூழலின் சொந்தச் சொத்து. கே.டி.ஈ.யில் ஒவ்வொரு மவுஸுக்கும் தனித்தனி வேகம் வைக்கலாம். க்னோமில் எல்லா மவுஸுக்கும் சேர்த்து ஒரே பட்டைதான் (டச்பேடுக்கு மட்டும் வேறு). முடுக்கத்தை நிறுத்த ஒரு பொத்தான் 2023-ல் வந்த க்னோம் 44-ல்தான் செட்டிங்ஸுக்குள் நுழைந்தது. அதுவரை ட்வீக்ஸ் என்ற தனி மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. க்னோமிலிருந்து கே.டி.ஈ.க்கு மாறினால் கூடவே வேகமும் வராது, மறுபடியும் முதலிலிருந்து. ஒரே கணினி, ஒரே கை, ஒரே மவுஸ். பேரேடு மட்டும் கடைக்குக் கடை வேறு!

எளிமை வேண்டும் என்று சொல்லும் உருவாக்குநர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பழைய எக்ஸில் இருந்த அத்தனை எண்களையும் மறுபடி கொட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு பட்டையும் ஒரு பொத்தானும் போதும், சந்தேகமில்லை. குறை அந்தப் பட்டையின் எண்ணிக்கையில் இல்லை, அது ஒளிந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. முதன்முதலில் நிறுவும்போது மொழி கேட்கிறார்கள், நேர மண்டலம் கேட்கிறார்கள், விசைப்பலகை அமைப்பைக் கேட்பதோடு தட்டிப் பார்க்க ஒரு சின்னக் கட்டமும் உபுண்டுவில் கொடுக்கிறார்கள். அதே திரையில் இரண்டு பொத்தான்களைக் காட்டி "இதைத் தொடுங்கள், இப்போது அதைத் தொடுங்கள், வேகம் சரியா?" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? விண்டோஸும் கேட்பதில்லையே என்பார்கள். உண்மை. ஆனால் அங்கே இத்தனை வருடப் பழக்கம் துணைக்கு இருக்கிறது. புதிதாக வருபவரை வரவேற்பவர்தான் நாற்காலியை இழுத்துப் போட வேண்டும்.

இது ருசி சம்பந்தப்பட்டது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கை நடுக்கம் உள்ள பெரியவருக்கு, மூடும் பொத்தானின் சின்ன கட்டத்தில் அம்பை நிறுத்துவதே ஒரு போராட்டம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அவரால் தானே மின்கட்டணம் கட்ட முடியும், பென்ஷன் சான்றிதழ் எடுக்க முடியும். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு நேர்மாறாக வேகம் கூட வேண்டும். பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து மாற்றித் தரும்வரை காத்திருப்பதா? டேலியில் நாள் முழுக்க விசைப்பலகையிலேயே கணக்கு எழுதுபவருக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் உலகம் முழுக்க டேலி இல்லையே.

மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய் முதலில் முடுக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்யுங்கள். அதன் பிறகே வேகப் பட்டையைத் தொடுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்து, எது பிடித்தது என்றே தெரியாமல் போகும். விண்டோஸில் "என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்" கட்டத்தில் டிக் இருந்தபடியே பழகிய கைக்கு முடுக்கம்தான் பழக்கம், அதை நிறுத்தினால் அம்பு மந்தமாகத் தோன்றும். பட்டையைக் கொஞ்சமாக நகர்த்தி இரண்டு நாள் அப்படியே விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் கை எதற்கும் பழகாது. மவுஸிலேயே டி.பி.ஐ. பொத்தான் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை அழுத்திப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடலாம்.

எல்லாம் முடிந்து கணினியை அணைத்துப் போட்டால், க்னோமின் உள்நுழைவுத் திரையில் அம்பு பழையபடியே ஓடும். அந்தத் திரை தனியொரு பயனராக இயங்குவதால் உங்கள் கணக்கில் வைத்த வேகம் அதற்குத் தெரியாது. கடவுச்சொல்லை அடித்து உள்ளே போகும்வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.