மூச்சும் பேசும்

மனிதனைப் படைத்த இறைவன் தம் உயிர்மூச்சையே அவனுக்குள் செலுத்தினார் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். அந்த மூச்சை நாமோ வெறும் காற்று என்று எண்ணிவிடுகிறோம். வேதியியல் அப்படி எண்ணவில்லை.

நாம் வெளிவிடும் மூச்சில் நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன்-டை-ஆக்சைடு, நீராவி ஆகியவை உண்டு என்பது பாடத்தில் அறிந்ததே. அவற்றோடு வேறு பல பொருள்களும் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ளன. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் மூச்சில் ஏறத்தாழ 250 பொருள்களைப் பிரித்துக் காட்டினர்.

இத்தகைய பொருள்களை எடையால் இனம் காட்டும் கருவியே நிறை நிறமாலைமானி. 1919-இல் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் உருவாக்கிய கருவி இதன் முன்னோடி. களத்தில் கம்பைத் தூற்றும்போது பதர் தள்ளி விழும். மணி அருகில் விழும். அதுபோல மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் தந்து காந்தப்புலத்தில் செலுத்தினால், இலேசானவை அதிகமாகவும் கனமானவை குறைவாகவும் வளைகின்றன.

இதனால் நமக்கு என்ன பயன்? வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை எடுத்துக்கொள்வோம். கார்பன்-13 அடங்கிய யூரியாவை நோயாளி குடிக்க வேண்டும். கிருமி இருந்தால் அது யூரியாவைச் சிதைக்கும். உடனே மூச்சில் 44 நிறையுள்ள சாதாரண கார்பன்-டை-ஆக்சைடோடு, 45 நிறையுள்ளதும் வழக்கத்தைவிடக் கூடிவிடும். ஊசியும் இல்லை, தொண்டையில் குழாயும் இல்லை!

எங்கள் காரியாபட்டி வட்டாரத்தில் சீமைக் கருவேலை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் தாய்மார்கள் பலர். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே வலி வந்தாலும் வீட்டில் மூச்சு விடமாட்டார்கள். மூச்சை ஒரு பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். எனவே நோயாளி பஸ் ஏற வேண்டாம். பை பஸ் ஏறட்டும் என்பதே என் கருத்து. அந்தப் பையை வாங்கி அனுப்பும் வசதி கிராமச் சுகாதார நிலையங்களில் வர வேண்டும்.

கருவியின் விலை அதிகம் என்பர் சிலர். ஊர்தோறும் கருவி வேண்டாம். மாவட்டத்துக்கு ஒன்று போதும். மேலும், கொல்கத்தாவிலுள்ள சத்யேந்திரநாத் போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்தினர் லேசர் ஒளியைக் கொண்டு மூச்சை ஆராயும் கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளனர். உணவும் பீடிப்புகையும் மூச்சை மாற்றுமே என்பர் வேறு சிலர். உண்மைதான். அதனால்தான் நகரவாசிகளின் மூச்சை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அடுப்புப் புகையிலும் மூட்டப் புகையிலும் உழல்பவர்களின் மூச்சையும் ஆராய வேண்டும். ஐயம் எழுந்தால் மற்றச் சோதனைகளால் உறுதி செய்துகொள்ளலாம்.

அன்புத் தோழியரே! வேதியியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வேண்டாம். வாய் திறந்து வலியைச் சொல்லாத தாய்க்காக அவள் மூச்சு பேசும். அதைக் கேட்டறியும் கல்வியை நாம் பெறுவோம். வாழ்க அறிவியல்! வளர்க அதன் தொண்டு!