வந்தவரே மறுபடியும் வரட்டும்

வயல் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் வயலுக்குள் இறங்க முடியவில்லை. இந்த நிலையை எமது வாசகர்களுட் பலர் சொல்லாமலே அறிவீர்கள்.

வன்னியில் எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் 2009 இல் செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டுப் பின்னர் ஊர் திரும்பினார். கண்ணிவெடி அகற்றி முடிந்தது. விதைநெல் கிடைத்தது. மழையும் தவறாமற் பெய்தது. அவரோ இரண்டு காலபோகமும் வரம்பிலே குந்தியிருந்து விட்டார். "ஆளுக்கு நிவாரணம் சாப்பிட்டுப் பழகிப்போச்சு" என்றனர் அயலவர். "யோசினை கூடிப்போச்சு" என்றார் மனைவி. தலையிடிக்கும் நெஞ்சுநோவுக்கும் வைத்தியசாலையிற் குளிசை கொடுத்தனர். மாலையானால் கசிப்பு.

இது சோம்பலுமல்ல, பைத்தியமுமல்ல. உயிருக்கு ஆபத்து வரும்போது ஓடவோ, எதிர்க்கவோ, அசையாமற் கிடக்கவோ உடல் தானாகவே ஆயத்தமாகிறது. பங்கருக்குள் கிடந்தவர்களுக்கு இதை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அந்த ஆபத்து மாதக்கணக்கில் நீண்டால், அது ஓய்ந்த பின்னரும் உடல் அதை நம்ப மறுக்கும். சிலருக்குப் பதகளிப்பும் நித்திரையின்மையும் வரும். ஹெலிகொப்டர்ச் சத்தத்துக்குக் குலை நடுங்கும். வேறு சிலருக்கு மனம் மரத்துப்போகும். கையும் காலும் இருக்கும், எழும்ப வராது. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்த நிலையைத் தனது நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. எமது உளமருத்துவர்கள் இதனை நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பர்.

ஆனால் எமது இடத்தில் இந்தப் பெயர் மட்டும் போதாது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், 2007 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்றில், வடபகுதியில் ஏற்பட்டிருப்பது கூட்டு மனவடு என்று விளக்கினார். தனி மனிதருடைய மனம் மாத்திரமல்ல, குடும்பமும் ஊரும் காயப்பட்டுவிட்டன. ஒருவரையொருவர் நம்பாமை, வாய் திறவாமை, எதற்கும் பிறர் கையை எதிர்பார்த்திருத்தல் ஆகியவற்றை அவர் அந்தக் காயத்தின் அடையாளங்களாகக் கண்டார். அப்படியாயின், "நிவாரணம் சாப்பிட்டுப் பழகிப்போச்சு" என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம்? காயத்தைப் பார்த்துக் குணக்கேடு என்கிறோம்.

உறவில் வந்த காயம் உறவிலேதான் ஆறும். உளவளத்துணையின் பல முறைகளுக்கும் அடிப்படை இதுவே. அமெரிக்க உளமருத்துவர் ஜுடித் ஹேர்மன் 1992 இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தார். முதலிற் பாதுகாப்பு, பின்பு நினைவுகூர்ந்து துக்கங்காத்தல், அதன்பின் மக்களோடு மீண்டும் இணைதல். கதையைச் சொல்வது இரண்டாவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். எங்களிடத்தில் நடப்பதோ வேறு. வந்து இறங்கியதும் படிவத்தை விரித்துக் கதையைத்தான் முதலிற் கேட்கிறார்கள்.

"தம்பி, என்ர பிள்ளை செத்த கதையை அஞ்சு பேருக்குச் சொல்லிப்போட்டன். அஞ்சு பேரும் எழுதினவை. ஒருத்தரும் திரும்பி வரேல்லை" என்றார் அந்தக் கமக்காரர்.

இப்படி ஒரே தடவை இருத்தி முழுவதையும் சொல்லவைப்பது முன்னர் ஒரு சிகிச்சையாகவே பரவியிருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2002 இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, இதனால் நோய் தடுக்கப்படுவதில்லை, சிலருக்குத் தீங்கும் விளையலாம் என்று கண்டது. 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு செய்யப்பட்ட ஓர் ஆய்வையும் இங்கே சொல்லவேண்டும். பயிற்றப்பட்ட உள்ளூர்த் துணையாளர்கள் ஒரு பகுதியினருக்கு வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்ல உதவினர். மறுபகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதங்களின் பின் இரு பகுதியிலும் பெரும்பாலானோர் தேறியிருந்தனர். முறை எதுவாயினும், பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர் சொன்னபடி திரும்பத் திரும்ப வந்தார் என்பதே இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆய்வாளர் அப்படிச் சொல்லவில்லை. இது எனது வாசிப்பு.

அந்தக் கமக்காரரிடம் பின்னர் ஓர் உளசமூகப் பணியாளர் வந்தார். இளம் பெண். செவ்வாய்க்கிழமை தோறும் வருவார். வர முடியாவிட்டால் முதல்நாளே ஆள் சொல்லி அனுப்புவார். இரண்டு மாதம் மாட்டையும் குளத்து நீரையும் பற்றியே பேச்சு. மூன்றாம் மாதம் மகனைப் பற்றித் தானாகவே தொடங்கினார். மேல் வியர்த்து மூச்சு வாங்கியபோது அந்தப் பிள்ளை, "இண்டைக்கு இது காணும் ஐயா, தேத்தண்ணி குடிப்பம்" என்றாராம். விட்ட இடத்தில் அடுத்த கிழமை தொடர்ந்தனர். பிறகு ஒரு நாள் இருவருமாக முதலாம் வரம்பு வரை நடந்தனர். அந்தப் போகம் கால் ஏக்கர் விதைத்தார்.

அத்துடன் திட்டமும் முடிந்தது. பணியாளர் வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். பிரியாவிடை சொல்லவும் அவகாசமில்லை. "அவவும் போட்டா" என்றார் கமக்காரர். தென்னையை நட்டு ஆறு மாதத்தில் தேங்காய் எண்ணுகிற கணக்கு இது. இழந்தவர்களுக்கு இன்னோர் இழப்பைக் கொடுத்துவிட்டு, அறிக்கையில் பயனாளி ஒருவர் என்று எழுதுகிறோம்.

காணியைத் தராமற் கவுன்சலிங் தருகிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோர் சிலரின் காணிகள் இன்னும் விடுபடவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் போராட்டத்தைத் தொடங்கினர். இறந்தவருக்கு எட்டும் அந்தியேட்டியும் செய்கிறோம், முப்பத்தோராம் நாள் கூடுகிறோம். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாதவருக்கு எதைச் செய்வது? எந்தத் துணையாளரும் அந்தப் பதிலைத் தரமுடியாது. தருவதாக நடிக்கவுங் கூடாது. பாதுகாப்பு முதலாவது என்றால், காணியும் உண்மையும் சிகிச்சைக்கு வெளியே உள்ளவையல்ல. ஆயினும் அவை கிடைக்கும்வரை மனதைப் பார்க்கத் தேவையில்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. வீட்டிலே பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் ஏசாதீர்கள், கதையைப் பிடுங்கவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். சின்ன வேலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சாகப்போகிறேன் என்று சொன்னாலோ, நித்திரையும் சாப்பாடும் நெடுநாள் இல்லாவிட்டாலோ, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

அடுத்த முறை ஒரு நிறுவனம் உளவளத்துணைத் திட்டத்துடன் உங்கள் கிராமத்துக்கு வந்தால், கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எழும்பி மூன்று கேள்வி கேளுங்கள். வருகிறவர் எவ்வளவு காலம் வருவார்? ஒவ்வொரு முறையும் அதே ஆள்தான் வருவாரா? போகும்போது எங்களை யாரிடம் நேரிலே அறிமுகப்படுத்திவிட்டுப் போவார்? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.