சிஸ்டருக்குப் பேச நேரமில்லை

மேடவாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சமீபத்தில் தலைப்பிரசவம். சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பால் பவுடர் டப்பா, பாட்டில், வெந்நீர் ஃபிளாஸ்க்.

நான் எதுவும் கேட்கவில்லை. இதையெல்லாம் ஆம்பளை கேட்கக் கூடாது என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்! பெண்ணின் அம்மாவே சொன்னார். “இவளுக்குப் பாலே ஊறலை சார். புள்ளை ராத்திரி பூரா கத்துது. டப்பா வாங்கிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க.”

முதல் இரண்டு மூன்று நாள் எல்லாத் தாய்க்கும் பால் கொஞ்சமாகத்தான் வரும். அதுதான் சீம்பால். பிறந்த குழந்தையின் வயிறும் சின்னதுதான். சில சொட்டுகளே அதற்கு விருந்து. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். பாட்டிலைக் கொடுத்தால் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பால் குறையும். முதுகில் ஊசி போட்டுச் செய்த சிசேரியன் என்றால், பக்கத்தில் ஒருவர் பிடித்து உதவினால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பால் கொடுக்கலாம்.

இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். பல ஆயிரம் ரூபாய் பில்லில் பஞ்சுக்கும் கையுறைக்கும்கூட ஒரு வரி இருந்தது. இந்த ஐந்து நிமிஷம்தான் இல்லை.

எனக்கும் முதலில் நர்ஸ் மேல்தான் கோபம் வந்தது. தெரிந்த ஒரு நர்ஸிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சிரித்தார். “நைட் டூட்டியில எனக்குப் பதினாறு பெட் சார். ட்ரிப்ஸ் மாத்தணும், பி.பி. பாக்கணும், கேஸ் ஷீட் எழுதணும். எந்த அம்மாகிட்ட உக்காந்து பேசறது? டப்பாவை வாங்குங்கன்னு சொன்னா புள்ளை தூங்கிடும், வார்டும் அமைதியாயிடும்.”

இதுதான் விஷயம். தெரியாமல் நடப்பதல்ல. பேசுவதை வேலையாகவே கணக்கில் வைக்காததால் நடப்பது.

தமிழ்நாட்டின் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 சதவிகிதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆனால், அதே ஆய்வில் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் சுமார் 60 சதவிகிதம்தான். எல்லோரும் ஆஸ்பத்திரியில் பிறந்தும், பத்தில் நாலு குழந்தைக்கு ஏன் கிடைக்கவில்லை? தனியாரில் 63.8 சதவிகிதம் சிசேரியன் என்கிறது அதே ஆய்வு. கத்தி வைக்க ஆள் இருக்கிறது. வாய் திறந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

பால் மட்டுமா? கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறோம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. டீயோடு சேர்த்துப் போடாதே என்று சொல்வதில்லை. அவள் பயந்துபோய் நிறுத்திவிடுகிறாள். மாத்திரை குப்பைக்குப் போகிறது, ரத்தசோகை அப்படியே இருக்கிறது.

அரசு என்ன செய்தது? 2015-ல் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. தனியாரில்? 50 படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் அமைத்த குழு பரிந்துரைத்தது. உங்கள் தெருமுனை நர்ஸிங் ஹோமில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

“எங்க காலத்துல யார் சார் சொன்னாங்க?” என்று ஒரு பாட்டி கேட்கலாம். பாட்டிகளுக்கு நிறையத் தெரியும். ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னதும், சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைத்ததும் அதே பாட்டிகள்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம். “யூ ட்யூப் இருக்கே” என்று பேரன் சொல்லலாம். 2018-ல் திருப்பூரில் யூ ட்யூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் செத்துப்போனாள். வீடியோ யாருடைய நாடியையும் பிடித்துப் பார்க்காது.

பால் பவுடர் கம்பெனிகளுக்கு மட்டும் பேச நேரம் இருக்கிறது. அவை விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் விற்பவன் வாயை அடைத்தது. சொல்ல வேண்டியவள் வாயைத் திறக்க யார் வழி செய்வது?

நான் கேட்பது இரண்டுதான். பிரசவ வார்டில் பேசுவதற்கென்றே ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். அது அவர் வேலை நேரத்தில் எழுதப்பட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்கும் தனியாருக்கும் ஒரே விதி.

அதுவரை நீங்கள் சும்மா இருக்காதீர்கள். செக்கப்புக்குப் புருஷனும் உள்ளே போகட்டும், வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். “எதெது நடந்தால் உடனே வரணும் சிஸ்டர்?” என்று கேளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தை அசைவு குறைவது: இவை எதற்கும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலும் அதிக ரத்தப்போக்கும் அப்படித்தான்.

எங்கள் தெருக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நாலு நாள் கழித்துக் கிராம சுகாதார செவிலியர் அந்த வீட்டுக்கு வந்தார். அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்தார். குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். ஒரு நாளில் ஆறு தடவை ஒண்ணுக்குப் போனால் பால் போதுமென்று அர்த்தம் என்றார். பத்தே நாளில் டப்பா பரணுக்குப் போய்விட்டது.

5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. மேடவாக்கத்தில் நாலைந்து அடுக்குமாடி வளாகங்களிலேயே அவ்வளவு பேர் தேறுவார்கள். அந்த அம்மா அடுத்த வீட்டுக்கு எப்போது போவார்?