முதல் வாடிக்கையாளர்



சுயதொழில் தொடங்க விரும்பும் பலர் என்னிடம் கேட்பது, "முதல் வாடிக்கையாளரை எப்படித் தேடுவது?" என்பதைத்தான். தேடுவது கடினம்தான். கிடைத்தவரின் முகத்தைக் கூசாமல் பார்க்கும்படி நடப்பது அதைவிடக் கடினம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

2019 இல் வீட்டுப் பின் விறாந்தையில் சத்துமா செய்யத் தொடங்கினேன். கடைக்காரர்கள், "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு" என்றார்கள். காசு தந்து வாங்கிய முதல் இடம், ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் சிறுவர் இல்லம். 42 பிள்ளைகளின் காலைக் கஞ்சிக்கு மாதம் 60 கிலோ.

"இது நன்கொடைப் பணம். ஒவ்வொரு ரூபாவுக்கும் நாங்கள் கணக்குக் காட்ட வேண்டும்" என்று பற்றுச்சீட்டுக் கேட்டார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு கேட்டார்கள். பொதியில் தேறிய நிறையும் உற்பத்தி, காலாவதித் திகதிகளும் இருக்க வேண்டும் என்றார்கள். அன்று அது தொல்லையாகத் தெரிந்தது. பின்னர் அதே ஒழுங்கைக் காட்டித்தான் பெரிய கடைகளுக்குள் நுழைந்தேன்.

2020 இல் பயறு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் கூடியிருந்தது. கடைகளுக்கு நான் விலையை உயர்த்தினேன். இல்லத்துக்கோ, வருடம் முடியும்வரை விலையை மாற்றுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். பத்துக் கிலோ மாவில் மூன்று கிலோ பயறு சேர்ப்பது வழக்கம். இல்லத்து மாவில் மட்டும் அதை ஒரு கிலோவாக்கி, அரிசியைக் கூட்டினேன். நூறு கிராம் பயறில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 கிராம் அளவுதான். இது எனக்குத் தெரியாததல்ல. 'தானத்தில் சாப்பிடும் பிள்ளைகள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?' என்ற எண்ணம் மனதின் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. இதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் சென்றது. இல்லப் பொறுப்பாளர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளைகள் கஞ்சியை மிச்சம் வைக்கிறாங்க, மகள். மாவில ஏதும் மாத்தினீங்களா?" அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் கணக்குக் கொப்பியோடு போய் உள்ளதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விலை கட்டவில்லை என்று முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். குறைத்த பயறு மொத்தம் 24 கிலோ. தோட்டை அடகு வைத்து அதை வாங்கிக் கொடுத்தேன்.

அவர்களது நிர்வாகக் குழு என் செலவுக் கணக்கைப் பார்த்து விலையைக் கொஞ்சம் உயர்த்தியது. முழுவதும் உயர்த்த அவர்களிடமும் பணமில்லை. எனவே கிழமையில் ஏழு நாள் கஞ்சியை ஐந்து நாளாக்கினார்கள். மாவோ பழைய அளவுப்படியே போனது. அந்த இல்லம் இன்றும் என் வாடிக்கையாளர்தான்.

சகோதரிகளே, கஷ்டம் வந்தால் பொருளில் கை வைக்கும் முன் வாயைத் திறந்து சொல்லுங்கள். விலையைப் பேசலாம், அளவைப் பேசலாம், தவணையைப் பேசலாம். பேசாமல் குறைப்பது களவு. அதிலும், கேட்க ஆளில்லாத பிள்ளையின் கோப்பையில் குறைப்பது பெரிய களவு. இன்றும் இல்லத்துக்கு மா வறுக்கும்போது பயறை இரண்டு முறை நிறுத்துப் பார்க்கிறேன்.