எழுதிவிட்டால் சாப்பிட்டதாகி விடுமா?

மத்தியானம் பன்னிரண்டு மணி. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் வந்து, "அம்மா, ஒரு சர்வே..." என்று நிற்பாள். நாம் என்ன செய்கிறோம்? "இப்ப நேரமில்லைம்மா, அடுத்த வீட்டுல கேளு" என்று அனுப்பி விடுகிறோம். இல்லாவிட்டால் ஒரு காலை அடுப்படியிலும் ஒரு காலை வாசலிலும் வைத்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொல்லித் தீர்த்து விடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன், சகோதரிகளே. சில வருஷங்களுக்கு முன்னால் நானே படி ஏறிக் கதவைத் தட்ட வேண்டி வந்தது. அதில் நான் செய்த ஒரு தப்பை இந்தத் தடவை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஊரூர் ஒல்காட் குப்பம். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கர்னல் ஒல்காட் 1894-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளிக்கூடத்தில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பத்தாவது படித்ததால் குப்பத்தில் எனக்கு "படிச்ச பொண்ணு" என்று ஒரு பெயர்.

அந்தப் பெயரை நம்பித்தான் ஒரு நிறுவனத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்குச் சத்துமாவு கொடுக்கப் போகிறார்களாம். கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு, ஒரு வருஷம் கழித்து ஒரு கணக்கு. வீடு வீடாய்ப் போய், "நேற்று காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு 'டேப்'பில் பதிய வேண்டும். பொதுவாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்களாம். 'நேற்று' என்று கேட்டால்தான் உண்மை வருமாம்.

மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பட்டியலில் உள்ள வீட்டுக்குத்தான் போக வேண்டும். பூட்டியிருந்தால் மூன்று தடவை போக வேண்டும். அப்போதும் இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுத வேண்டும். பக்கத்து வீட்டைப் பிடித்துக் கணக்கை நிரப்பக் கூடாது. ஏனென்றால், எப்போதும் வீட்டில் இருப்பவளும் வேலைக்கு ஓடுகிறவளும் ஒன்றல்லவே! வீட்டில் இருப்பவர்களை மட்டும் எழுதினால், ஓடுகிறவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் நடந்தது என்ன? ஐப்பசி அடைமழை. சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர். நான்கு வீடுகள் இரண்டு தடவை போயும் பூட்டு. நான்கும் எனக்குத் தெரிந்த வீடுகள். 'இவங்க வீட்டுல என்ன பொங்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா?' என்று நினைத்து, எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து தட்டி விட்டேன். மீன்? ஆம். பால்? ஆம். முட்டை? ஆம். கடல்காரர் வீடாயிற்றே, மீன் இல்லாமலா!

நான்காம் நாள் மேற்பார்வைக்கு வந்த பெண், சின்னவள்தான், என் மகள் வயதுதான் இருக்கும், "அக்கா, மத்த வீட்டுக்கெல்லாம் முப்பது நாற்பது நிமிஷம் ஆகியிருக்கு. இந்த நாலு வீடும் ஆறு நிமிஷத்துல முடிஞ்சிருக்கே?" என்றாள். அந்தப் பெட்டி நேரத்தையும் எழுதி வைக்கிறது என்பதை நான் மறந்தே போனேன். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எதையோ சொல்லி மழுப்பினேன். அவள் கோபித்துக் கொள்ளவில்லை. "வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்றாள். எல்லோருடைய கணக்கிலும் சில வீடுகளை மறுபடி போய்க் கேட்பது அவர்கள் வழக்கமாம்.

முதல் வீட்டுக்காரி எனக்குத் தங்கை முறை. மடியில் எட்டு மாதக் குழந்தை. அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள். பதில் வந்தது. காலையில் ஒரு டீ, ஒரு பன். மத்தியானம் ரேஷன் அரிசிக் கஞ்சி, ஊறுகாய். ராத்திரி அதே கஞ்சியில் மிச்சம். பத்து நாளாகப் போட்டு இறங்கவில்லை. முட்டையும் பாலும் எங்கிருந்து வரும்? வீடு பூட்டியிருந்ததற்குக் காரணம், அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனதுதான்.

நான் எழுதியிருந்ததை நானே அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் திட்டவில்லை. சிரித்தாள். "இன்னாக்கா, நீ எழுதிட்டா நான் துன்ன மாதிரி ஆயிடுமா?" என்றாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். "அக்கா, இன்னைக்கு நல்லா சாப்பிடறான்னு எழுதிட்டோம். நாளைக்கு அவளுக்கு மாவு கிடைச்சு, நிஜமாவே நல்லா சாப்பிட ஆரம்பிக்கிறா. அப்ப நம்ம கணக்கு என்ன சொல்லும்? முன்னேயும் நல்லா இருந்தா, இப்பவும் நல்லா இருக்கா, மாவால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு சொல்லும்." பொய்க்கணக்கு நல்ல திட்டத்தையே கொன்றுவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முன்னும் பின்னும் பார்த்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாதாம். நம் வீட்டில் பிள்ளைக்கு ஜுரம் வருகிறது. மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறோம். மூன்றாம் நாள் ஜுரம் இறங்குகிறது. ரசத்தால் இறங்கியதா, தானாகவே இறங்கியிருக்குமா? ரசம் குடிக்காத பிள்ளையையும் பார்த்தால்தானே தெரியும்! அதனால்தான் திட்டம் போகும் ஊர் சில, போகாத ஊர் சில என்று இரண்டையும் பார்க்கிறார்கள். எந்த ஊருக்கு முதலில் என்பதை நாம் சீட்டுக் குலுக்குகிற மாதிரி குலுக்கி எடுத்தால் இன்னும் நல்லது. வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சே இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இந்த முறையை ஏழ்மை ஒழிப்புத் திட்டங்களில் பரப்பியதற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே பழைய கதை ஒன்று உண்டு. 1980-ல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஆரம்பமாயிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. தேறிவிட்டால் நிறுத்தி விடுவார்கள். எடை போட்டது அந்தந்த ஊர்ப் பெண்கள்தான். திட்டம் போகாத ஒன்றியங்களையும் ஒப்பிட வைத்துக் கொண்டார்கள். ஆனால் 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தார். இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு மாநிலம் முழுக்கச் சாப்பாடு! பசித்த பிள்ளைக்குச் சோறு கிடைத்தது நல்ல காரியம். ஆனால் ஒப்பிட வைத்திருந்த ஊர்ப் பிள்ளைகளும் சாப்பிட்டார்களே! எது எந்தத் திட்டத்தின் பலன் என்று பிரிப்பது அதனால் சிக்கலாகி விட்டது.

இன்னொன்று சமீபத்தியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்ததே, நினைவிருக்கிறதா? நம்மைப் போன்ற பெண்கள் எத்தனையோ பேர் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் சுமார் 19,000 கிராமத்துப் பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்தார்கள். பள்ளிக்குப் போனால் வராத பிள்ளை விட்டுப்போகும் அல்லவா? பின்தங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதத்தில் சரியாகி விட்டதாம். அந்த முன்னேற்றத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் என்று கணக்கிட்டார்கள். மெய்யான கணக்கு இருந்ததால்தான் அந்தப் பெண்களின் உழைப்பு வெளியே தெரிந்தது.

நம் உடம்பு விஷயமும் இப்படித்தான். "சோகை இருக்கா?" என்று கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்போம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்குச் சோகை. வாயால் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்குமா?

ஆகையால் சகோதரிகளே, அடுத்த தடவை உங்கள் கதவைத் தட்டினால்:

• யார், எந்த அலுவலகம், எதற்காக என்று முதலில் கேளுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள். இந்த மாதிரி ஆராய்ச்சி சர்வேயில் பதில் சொல்ல இஷ்டமில்லாவிட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

• வங்கிக் கணக்கு எண், போனுக்கு வரும் ஓ.டி.பி. இவற்றைக் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

• நேரமில்லையென்றால் "நாலு மணிக்கு வாம்மா" என்று சொல்லுங்கள். அவசரத்தில் தப்பாகச் சொல்வதைவிட அது மேல்.

• மாமியாரோ வீட்டுக்காரரோ பக்கத்தில் நின்றால் சில பதில்கள் தொண்டையிலேயே நின்றுவிடும். "தனியா பேசலாமா?" என்று கேளுங்கள்.

• தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லுங்கள். கௌரவத்துக்காகக் கூட்டியும் சொல்ல வேண்டாம், ஏதாவது கிடைக்கும் என்று குறைத்தும் சொல்ல வேண்டாம்.

அந்த நான்கு வீடுகளையும் வேறொரு பெண் போய்ப் புதிதாக எழுதினாள். அவற்றுக்கு எனக்குச் சம்பளம் கிடையாது. அது நியாயம்தான். மீதி வீடுகளுக்கு என்னையே போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு கதவுக்கும் மூன்று தடவைக்குக் குறைந்து நான் போகவில்லை. மழை விட்டதும் ஒரு நாள், என் வீட்டுக்காரர் கொண்டுவந்த சங்கராவில் நாலு எடுத்துக்கொண்டு அந்தத் தங்கை வீட்டுக்குப் போனேன். "இன்னாக்கா, இதையும் எழுதிக்கப் போறியா?" என்று மறுபடியும் சிரித்தாள். "இல்லைம்மா, இது நீ சாப்பிட" என்றேன்.

இப்போதெல்லாம் கதவு தட்டினால் முதலில் அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் வாசலுக்குப் போகிறேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்களேன்! அடுத்த இதழில் சந்திப்போம்.