“சூப்பர்” போதுமா தோழியரே?



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி தான் எடுத்த போட்டோவைப் போட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு கட்டைவிரல், ஒரு இதயம், “சூப்பர்டி”, “செம”, “வேற லெவல்”... அவ்வளவுதான்! இன்னொரு கூட்டமும் உண்டு. “இதெல்லாம் ஒரு போட்டோவாக்கும்?” என்று சிரித்துவிட்டுப் போகும் கூட்டம். முதல் கூட்டம் நல்லவர்கள், இரண்டாவது கூட்டம் கெட்டவர்கள் என்று நாம் நினைக்கிறோம். என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இரண்டு பேருமே படத்தைப் பார்க்கவில்லை!

எடுத்தவள் அடுத்த படத்தை இன்னும் நன்றாக எடுக்க உதவுகிற மாதிரி நாலு வார்த்தை சொல்ல நமக்குத் தெரிய வேண்டும். இது ஒன்றும் புதுப் பாடம் இல்லை. முதலாண்டு ஒர்க்‌ஷாப்பிலேயே படித்துவிட்டோம்.

ஃபிட்டிங் பிரிவை நினைத்துப் பாருங்கள். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரம் போட்டுத் தேய்த்து, கை கொப்பளித்து, ஒருவழியாகக் கொண்டுபோய் நீட்டுவோம். சார் “சூப்பர்” என்றாரா? “மோசம்” என்றாரா? இரண்டும் இல்லை. ட்ரை ஸ்கொயரை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “இந்தா பாரும்மா, இந்த மூலையில வெளிச்சம் தெரியுது. இந்தப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் தேய்ச்சுட்டு வா” என்றார். இதில் மூன்று விஷயம் இருக்கிறது. குறையை நம் மேல் வைக்காமல் இரும்பின் மேல் வைத்தார். எந்த இடம் என்று காட்டினார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். யாரும் அழவில்லை, போய்த் தேய்த்தோம், பொருந்தியது!

ஒர்க்‌ஷாப் வேண்டாமா? சனிக்கிழமை விடியும்போதே நம்மூர் ஆட்டுச் சந்தைக்கு வாருங்கள். வாங்க வந்தவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்வார். முதுகைத் தடவி, தூக்கிப் பார்த்து, கறி எவ்வளவு தேறும் என்பார். “ஆடு செம” என்று சொல்லி அங்கே யாரும் மடியிலிருந்து காசை அவிழ்ப்பதில்லை. ஆட்டுக்குக் கொடுக்கிற கவனத்தை நம் தோழி எடுத்த படத்துக்குக் கொடுக்கக் கூடாதா?

அதே சந்தையில் ஒரு தோழி தன் தாத்தாவைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். உச்சி வெயில். தலைப்பாகையின் நிழலில் தாத்தாவின் முகம் இருண்டுவிட்டது. வெள்ளை வேட்டியோ மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போனது. போதாக்குறைக்கு, பின்னால் நின்ற மின்கம்பம் அவர் தலையிலிருந்து முளைத்த மாதிரி இருந்தது. பதினெட்டு “சூப்பர்” வந்தது. கூடவே ஒரு நக்கல்: “ஏட்டி, ஆடு நல்லாருக்கு, தாத்தா எங்க?” எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே படத்தை எடுத்துவிட்டாள். அப்புறம் அவள் எந்தப் படமும் போட்டதில்லை.

பதினெட்டுப் பேரில் ஒருத்தி, “காலையில ஏழு மணி வெயில்ல எடுத்துப் பாரேன், முகத்துல வெளிச்சம் பக்கவாட்டுல விழும். ரெண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தா கம்பம் தலையை விட்டுப் போயிரும்” என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் முன்னால் வேறொன்று கேட்டிருக்க வேண்டும்: “நீ எதைக் காட்ட நினைச்சே?” நான் பிறகு கேட்டேன். “தாத்தாவோட கையை. துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசிக்கிட்டு இருந்தாங்க” என்றாள். பார்த்தீர்களா! இதைக் கேட்டதும் நாம் சொல்ல வேண்டிய யோசனையே மாறிவிடுகிறது. முகம் இருட்டாக இருந்தால் போகட்டும், கம்பமும் போகட்டும். “கிட்டப் போ, குனி, துண்டும் ரெண்டு பேர் கையும் மட்டும் ஃபிரேமுக்குள்ள வரட்டும்” என்பதுதான் அவளுக்கு வேண்டிய வார்த்தை. அவள் போக நினைத்த ஊர் தெரியாமல் நாம் வழி சொல்லி என்ன பயன்?

“எனக்கு போட்டோவைப் பத்தி என்ன தெரியும்?” என்று சிலர் ஒதுங்குகிறீர்கள். ஒன்று கட்டாயம் தெரியும்: படத்தைப் பார்த்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போனது என்று. “எனக்கு முதல்ல பின்னால இருக்கிற சிவப்பு வாளிதான் தெரிஞ்சுது” என்று சொல்லுங்கள், போதும். எடுத்தவளுக்கு அந்த வாளி தெரியவே தெரியாது. அவள் கண் தாத்தா மேலேயே இருந்தது. அதைச் சொல்லப் பெரிய கலைஞராக இருக்க வேண்டியதில்லை, உண்மையாகப் பார்த்தால் போதும்.

கொஞ்சம் தொழில்நுட்பமும் பேசுவோம், நாம் டிப்ளமோ மாணவிகள் அல்லவா! கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். விழுகிற ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று புகைப்படப் புத்தகங்கள் சொல்லும். அதனால் வேப்பலோடைப் பக்கம் உப்பளத்தில் உப்புக் குவியலை ஃபிரேம் நிறைய எடுத்தால் உப்பு அழுக்காகத் தெரியும். நம் கரிசல் காட்டை எடுத்தால் மண் வெளிறிப் புழுதியாகத் தெரியும். செல்போன் திரையைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வருமே, அதை உப்புக்கு மேலே தள்ளுங்கள், கரிசலுக்குக் கீழே இறக்குங்கள். வெள்ளை வெள்ளையாகும், கறுப்பு கறுப்பாகும். “கலர் ஒரு மாதிரி இருக்கே” என்று சொல்வதற்கும் “எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைச்சுப் பாரு” என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம்!

இதைச் சொல்லும்போது மனதில் ஒரு வருத்தமும் வருகிறது. நம் குழுவில் அதிகம் வருகிற ‘யோசனை’ என்ன தெரியுமா? “மூஞ்சி கறுப்பா இருக்கு, ஃபில்டர் போடு.” கரிசலைக் கரிசலாகக் காட்டத் தெரியாத கேமராவுக்கு நாம் பாடம் சொல்கிறோம். ஆனால் வெயிலில் நின்று நம்மைப் படிக்க வைக்கிற அம்மாவின் முகத்தை வெளுக்கச் சொல்கிறோம்! இது படத்தைத் திருத்துவது ஆகாது, ஆளைத் திருத்துவது. அதேபோல் “நல்ல கேமரா வாங்கு” என்பதும் யோசனை ஆகாது. வாங்க முடிந்தால் வாங்கியிருக்க மாட்டாளா? கையில் இருக்கிற செல்போனில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஒருவர் எடுத்த படத்தைப் பலர் கூடிப் பார்த்து எடைபோடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1855-ல் சென்னையில் நடந்த பெரிய கண்காட்சிக்கு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன், ஹளேபீடு, பேளூர் கோயில்களின் படங்களை அனுப்பினார். புகைப்படம் அப்போது அவருக்குப் பிழைப்பல்ல, ஆசை. நடுவர்கள் முதல் தரப் பதக்கம் கொடுத்தார்கள். மறு ஆண்டே சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் எடுத்த மதுரை, தஞ்சாவூர்ப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1857-ல் சென்னையில் புகைப்படச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். கலைப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதில் முன்னின்றார். சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்தில் தபால் வழிச் சங்கங்கள் இருந்தன. உறுப்பினர்களின் படங்கள் ஒரே பெட்டியில் வீடு வீடாகப் போகும். ஒவ்வொருவரும் மற்றவர் படத்தைப் பார்த்துத் தம் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். தபால் பெட்டிக்குக் காத்திருந்தவர்கள் அவ்வளவு எழுதினார்கள்; ஒரு நொடியில் படம் வந்து சேருகிற நாம் ஒரு இதயத்தோடு முடித்துவிடுகிறோம்.

“போட்டோதானே, இதுக்கு இவ்வளவா?” என்கிறீர்களா? நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். 1882-ல் இங்கே பிறந்த பாரதிக்கு, நமக்குக் கிடைத்திருக்கிற புகைப்படங்கள் ஐந்தே ஐந்து! மணிமண்டபத்து வாசலில் நாம் ஒரு நிமிஷத்தில் எடுக்கிற செல்ஃபி அதைவிட அதிகம். அந்த முண்டாசும் மீசையும் பார்வையும் இன்று ஊரெல்லாம் தெரிகிறதென்றால், அன்று யாரோ கேமராவுக்குப் பின்னால் நின்றதால்தான். நாளைக்கு நம் பாட்டி தீப்பெட்டி ஒட்டிய கையும், தாத்தா விலை பேசிய துண்டும் எப்படி இருந்தன என்று யாராவது கேட்டால், பதில் நம் தோழிகளின் செல்போனில்தான் இருக்க வேண்டும். ஒரு நக்கலுக்குப் பயந்து ஒருத்தி எடுப்பதை நிறுத்தினால், அந்தப் பதில் இல்லாமலே போய்விடும்.

“குறை சொன்னா மனசு உடையாதா?” என்று கேட்பீர்கள். கூடச் சேர்ந்து சிரிப்பதோடு நட்பு முடிந்துவிடாது, தேவைப்பட்டால் இடித்தும் சொல்ல வேண்டும் என்பது வள்ளுவர் காலத்துப் பேச்சு. ஆனால் எல்லோர் முன்னாலும் இடிக்க வேண்டாம். தனியாகச் சொல்லுங்கள். பிடித்திருப்பதை முதலில் சொல்லுங்கள், அதுவும் எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பத்துக் குறை தெரிந்தாலும் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஒரு படத்தில் ஒன்றைத்தான் திருத்த முடியும். கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ட்ரை ஸ்கொயரிடம் யாராவது கோபித்துக்கொண்டோமா?

எனக்கு ஒரு ஆசை. மாணவியர் பேரவை அடுத்த ஆண்டு நூலகத்துக்கு வெளியே ஒரு பலகை வைக்கட்டும். மாதம் ஐந்து படங்கள், ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு வெள்ளைத் தாள். அதில் மூன்றே வரி: என் கண் முதலில் எங்கே போனது, எது பிடித்தது, அடுத்த முறை எதை மாற்றிப் பார்க்கலாம். கீழே எழுதியவள் பெயர் கட்டாயம். பெயர் போட்டு எழுதும்போது நக்கல் தானாகக் குறையும்! செலவு? ஒரு பலகை, கொஞ்சம் குண்டூசி. படங்களைப் பிரின்ட் போடுகிற காசை நாமே பிரித்துக்கொள்ளலாம்.

சந்தையில் படம் எடுத்த அந்தத் தோழிக்கு முதல் இடத்தை ஒதுக்கி வைக்கலாம். நீங்கள் எல்லோரும் பேனாவோடு வாருங்கள் தோழியரே! “சூப்பர்” என்ற வார்த்தையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்!